சுங்கானும் ஃபத்வாவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

அரபுக் கல்லூரிகளில் ஷாபிஈ மத்ஹபின் நோன்புச் சட்டங்களைப் பாடமாக நடத்துவோர் ஒரு சிறு குறிப்பைக் கடந்து செல்வது வழக்கம். எகிப்து நாட்டுப் பேரறிஞர் நூருத்தீன் அலீ அஸ்ஸியாதீ (ரஹ்) அவர்கள், புகை பிடிப்பதால் நோன்பு முறியாது என்று தொடக்கத்தில் தீர்ப்பளித்து வந்தார்கள். பின்னர், புகை அருந்தப் பயன்படும் ‘பூஸா’வில் அதன் சுவடு படிந்திருப்பதைக் கண்ணால் கண்டதும் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்று, நோன்பு முறியும் என்று ஃபத்வா அளித்தார்கள். இதுவே அக்குறிப்பு. ஹிஜ்ரி 1024இல் (கி.பி. 1615) மறைந்த அப்பெருமகனாரைப் பற்றிய இச்செய்தியைப் பிற்கால ஹாஷியாக்கள் ஓரிரு வரிகளில் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆசிரியரும் அதே விரைவில் வாசித்துக் கடந்துவிடுவார்.

நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், பூஸா என்றால் என்ன?” என்று வினவினார். நாணற்குழல் என்று அகராதிப் பொருளைச் சொன்னோம். அவர் அமரவில்லை. “நாணற்குழலில் என்ன சுவடு படியும்? அதைப் பார்த்தவுடன் இமாமவர்கள் ஏன் கருத்தை மாற்ற வேண்டும்?” என்று மீண்டும் கேட்டார். எம்மிடம் விடை இல்லை. நம் முன்னோர் சுங்கான் என்று அழைத்த புகைக்குழல் ஒன்றை அதுநாள்வரை நாம் கையில் எடுத்துப் பார்த்ததே கிடையாது. சட்டத்தை அறிந்திருந்தோம், அச்சட்டம் எப்பொருளைப் பற்றியதோ அப்பொருளை அறியாதிருந்தோம்.

ஒரு பொருளைக் குறித்த தீர்ப்பு, அப்பொருளை உள்ளபடி உணர்ந்துகொள்வதன் கிளையே ஆகும் என்பது நம் கலாசாலைகளில் முதலாண்டு மாணவரும் அறிந்த விதி. அவ்விதியைக் கற்பிக்கும் நாமே அதனைக் கடைப்பிடிக்கவில்லை என்பதை அம்மாணவரின் வினா உணர்த்திற்று. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. புகை பிடிப்பதை அழகுபடுத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. சுங்கானின் வரலாற்றை ஆழ்ந்து அறியும்போது நம் முன்னோர்களின் அறிவு முறையும் அதனோடு துலங்குகிறது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

புகையைக் ‘குடித்த’ வரலாறு

புகையிலை அமெரிக்கக் கண்டத்தின் செடி. 1492 நவம்பரில் கியூபாத் தீவை அடைந்த கொலம்பஸ், தாம் ஆசியாவின் கரையைத் தொட்டுவிட்டதாகவே எண்ணினார். அந்நாட்டு மன்னரைக் கண்டு வருமாறு உட்பகுதிக்கு இருவரை அனுப்பினார். அவர்களுள் ஒருவர் லூயிஸ் டி டோரஸ் என்பவர். யூதராய் இருந்து கிறிஸ்தவரானவர். எபிரேயமும் கல்தேயமும் ஓரளவு அரபும் அறிந்தவர் என்பதாலேயே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கீழைத்தேயத்து அரசவையில் அரபு மொழி பயன்படும் என்பது கொலம்பஸின் கணிப்பு. அவ்விருவரும் மன்னர் எவரையும் காணவில்லை. இலைச் சுருளைக் கொளுத்திப் புகையை உள்ளிழுக்கும் மக்களையே கண்டு திரும்பினர். புகையிலைப் பழக்கத்தை முதன்முதலில் நேரிற்கண்டு சொன்ன ஐரோப்பியர்களுள் ஒருவர் அரபு தெரிந்தவராய் இருந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அங்கிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் அச்செடி முஸ்லிம் நாடுகளை வந்தடைந்தது. உதுமானிய வரலாற்றாசிரியர் இப்ராஹீம் பெசெவி, ஹிஜ்ரி 1009இல் (கி.பி. 1600-01) ஆங்கிலேயர் இதனைக் கொண்டு வந்ததாகவும், ஈரத்தால் உண்டாகும் சில நோய்களுக்கு மருந்து என்று சொல்லி விற்றதாகவும் எழுதுகிறார். மருந்தாய் நுழைந்தது விரைவில் இன்பப் பொருளாயிற்று. காப்பிக் கடைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் காண முடியாதபடி புகை மண்டியதாகவும், தாடியும் தலைப்பாகையும் நாற்றமெடுத்ததாகவும், விரிப்புகள் ஆங்காங்கே தீய்ந்து போனதாகவும் அவர் குறைப்படுகிறார். எனினும், கப்பல்களில் இரவுக் காவல் புரிவோர் உறங்கிவிடாமல் இருக்க இது உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. வெறுக்கும் பொருளிலும் உள்ளதை உள்ளபடி எழுதும் நேர்மை இது.

புதிய பொருளுக்குப் பெயரிட்ட விதமும் கருதத்தக்கது. அரபியர் இதனைத் ‘துகான்’ என்றனர். துருக்கியர் ‘துதுன்’ என்றனர். இரண்டுக்கும் புகை என்பதே பொருள். தமிழரும் ‘புகையிலை’ என்றே பெயரிட்டனர். அன்றியும், இழுத்தல் என்று சொல்லாமல் ‘குடித்தல்’ என்றே பல மொழியினரும் வழங்கினர். அரபியில் ‘ஷுர்புத் துகான்’ என்பது புகையைக் குடித்தல் ஆகும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் அவ்வாறே கூறினர். நம் ஊர்களில் ‘சுருட்டுக் குடித்தல்’, ‘பீடி குடித்தல்’ என்னும் வழக்கு இன்றும் உண்டு. இச்சொல்லாட்சி மொழியளவில் நின்றுவிடவில்லை. குடிப்பது என்றதும் மதுவோடு ஒப்பிடும் எண்ணம் எழுவது இயல்பு. துகான் குறித்த தொடக்க கால விவாதங்களில் போதை என்னும் வினா முன்வரிசையில் நின்றதற்கு அது குடிக்கப்படும் பொருளாகப் பேசப்பட்டதும் ஒரு காரணம் எனலாம்.

சுங்கானின் உறுப்புகள்

இனி நாம் அறியாதிருந்த அக்கருவியைப் பார்ப்போம். மேலை ஐரோப்பாவில், குறிப்பாக இங்கிலாந்திலும் ஹாலந்திலும், வெண்களிமண்ணால் ஆன சுங்கானே முதலில் பரவியது. கிண்ணமும் தண்டும் ஒரே களிமண்ணால் ஒரே உருவாய் அமைந்தது அது. எளிதில் உடைந்துவிடும், விலையும் மலிவு. உதுமானிய நாடுகளில் வழங்கிய ‘சுபுக்’ என்னும் சுங்கான் வேறு அமைப்புடையது. அதற்கு மூன்று உறுப்புகள். புகையிலையை இட்டுக் கொளுத்தும் சுட்ட மண் கிண்ணம் ‘லூலே’ எனப்படும். அதில் செருகப்படும் நீண்ட தண்டு செர்ரி மரத்தாலோ மல்லிகைத் தண்டாலோ ஆனது. வாயில் வைக்கும் முனை, வசதி படைத்தோரிடத்தில், கஹ்ருபா எனப்படும் மஞ்சள்நிறப் பிசின்கல்லால் ஆனது. எளியோர் வெறும் நாணலையே தண்டாகக் கொண்டனர். எம் மாணவர் கேட்ட ‘பூஸா’ இதுவே.

சுபுக்கின் தண்டு ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டிருப்பதுண்டு. திண்ணையில் அமர்ந்திருப்பவரின் வாயிலிருந்து தரையில் வைத்த சிறு பித்தளைத் தட்டின் மீதிருக்கும் லூலே வரை அது எட்டும். செல்வர் இல்லங்களில் சுபுக்கைத் துலக்கி, நிரப்பி, பற்றவைத்துக் கொடுப்பதற்கென்றே பணியாள் இருந்தார். விருந்தினர்க்குக் காப்பியும் சுபுக்கும் அளிப்பது உபசாரத்தின் இலக்கணமாயிற்று. இஸ்தான்புல் நகரின் தோப்ஹானே பகுதி லூலே வினைஞர்களால் புகழ்பெற்றது. செம்மண் கிண்ணங்களை அச்சில் வார்த்து, மெருகேற்றி, அலங்கார வரிகள் இட்டுத் தம் முத்திரையையும் பதித்தனர் அவ்வினைஞர்கள்.

உடைந்தபின் குப்பையில் எறியப்பட்ட இக்கிண்ணங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன. ஏதென்சின் பண்டைய அங்காடி வெளியிலும் கொரிந்து நகரிலும் கிடைத்த லூலேக்களை ஆராய்ந்து ரெபெக்கா ராபின்சன் என்னும் அறிஞர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டது. பழைய கிண்ணங்கள் சிறியவை, பிற்காலத்தவை பெரியவை. புகையிலை அரிதாயும் விலையுயர்ந்ததாயும் இருந்த காலத்தில் சிறு கிண்ணமே போதுமானதாயிற்று. மலிந்தபோது கிண்ணமும் பெருத்தது. ஆங்கிலேயரின் வெண்களிமண் சுங்கான்களிலும் இவ்வளர்ச்சி உண்டு. அவற்றின் தண்டிலுள்ள துளையோ காலம் செல்லச் செல்லக் குறுகி வந்தது. அத்துளையின் விட்டத்தை அளந்தே காலத்தைக் கணிக்கலாம் என்று அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் 1954இல் காட்டினார். நாணயமும் கல்வெட்டும் கிடைக்காத மண்ணடுக்கின் காலத்தை ஓர் உடைந்த சுங்கான் துண்டு சொல்லிவிடுகிறது.

சுங்கானைச் சேகரிப்போர் பெரிதும் போற்றும் மற்றொரு வகையும் துருக்கி மண்ணுக்கே உரியது. அனத்தோலியாவின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் இலேசான வெண்கல்லைத் துருக்கியர் ‘லூலேதாஷி’, அதாவது லூலேக் கல், என்பர். ஜெர்மானியர் அதற்குக் கடல்நுரை என்னும் பொருள்படும் ‘மீர்ஷாம்’ என்று பெயரிட்டனர். நுண்துளைகள் நிறைந்த இக்கல், உலர்ந்த நிலையில் நீரில் மிதக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரக் கைவினைஞர்கள் இதில் நுண்ணிய சிற்பங்களைச் செதுக்கினர். புகைக்கப் புகைக்க இக்கல் வெண்மை நீங்கித் தேன்நிறமும் பின்னர் பழுப்பும் அடைகிறது. அந்நிறமாற்றத்தையே அழகின் உச்சமாகச் சேகரிப்போர் கொண்டாடுவர். கல்லின் துளைகளில் புகையின் கசடு ஊறுவதாலேயே அந்நிறம் பெருமளவு உண்டாகிறது என்பதை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் அதற்குத் திரும்புவோம்.

அக்பரின் அவையில் ஒரு வழக்கு

புதிய பொருளை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினா, நம் நாட்டில் முகலாயர் அவையிலும் எழுந்தது. பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக் என்னும் அலுவலர், 1604-05 அளவில் பேரரசர் அக்பருக்குப் புகையிலையையும் அழகிய சுங்கான் ஒன்றையும் காணிக்கையாக்கினார். அதன் தண்டு சுமத்ராவின் ஆச்சே நாட்டில் செய்யப்பட்டது. மூன்று முழ நீளம். இரு முனைகளிலும் மணிகள் இழைக்கப்பட்டிருந்தன. வாய்முனை யமன் நாட்டு அகீக் கல்லால் ஆனது. ஆச்சேயின் தண்டும் யமனின் கல்லும் அமெரிக்கச் செடியும் ஆக்ராவில் ஒன்றுசேர்ந்த அக்காட்சி, அக்கால முஸ்லிம் உலகின் கடல் வணிகம் எத்துணை விரிந்தது என்பதை எடுத்துரைக்கிறது.

இது யாது என்று அக்பர் வினவியபோது, மக்காவிலும் மதீனாவிலும் நன்கறியப்பட்ட புகையிலை இது என்று அவையிலிருந்த கானே அஃஸம் விடையளித்தார். அரண்மனை மருத்துவர் மட்டும் மறுத்தார். நம் மருத்துவ நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. ஆராயாத ஒன்றைப் பேரரசர் பயன்படுத்தலாகாது என்பது அவரது வாதம். ஐரோப்பியர் அறிவற்றவர் அல்லர் என்றும், உலகில் உள்ள எவ்வழக்கமும் ஏதோ ஒரு நாளில் புதியதாகவே இருந்தது என்றும் அசத் பேக் எதிர்வாதம் புரிந்தார். அவையோர் அசத் பேக்கின் சொல்வன்மையைப் பாராட்டினர். அக்பரோ அதன்பின் புகைப்பதைத் தொடரவில்லை. அவர் மைந்தர் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். அத்தடையால் பழக்கம் நின்றுவிடவில்லை. பின்னாளில் ஹுக்கா வடஇந்திய வாழ்வின் அங்கமாகவே ஆகிவிட்டது. சொற்போரில் வென்றவர் அசத் பேக். ஆயினும் ஆராய்ந்த பிறகே ஏற்க வேண்டும் என்ற மருத்துவரின் நிலைப்பாடே சரியானது என்பதைப் பிற்காலம் மெய்ப்பித்தது.

அறிஞர்களின் கருத்து வேறுபாடு

மார்க்க அறிஞர்களுக்கு இருந்த சிக்கல் இன்னும் கடினமானது. குர்ஆனிலோ ஹதீஸிலோ பெயர் குறிக்கப்படாத பொருள். நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் கண்டிராத பொருள். ஷாபிஈ மத்ஹபின் பிற்காலத் தூண்களான இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) ஹிஜ்ரி 974இலும் இமாம் ஷம்ஸுத்தீன் அர்ரம்லீ (ரஹ்) ஹிஜ்ரி 1004இலும் மறைந்துவிட்டனர். இஸ்தான்புல்லுக்குப் புகையிலை வந்ததாக பெசெவி குறிக்கும் ஆண்டோ ஹிஜ்ரி 1009. ஆதலின், அடுத்த தலைமுறையினர் முன்னோடியின்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியவராயினர்.

அல்அஸ்ஹரில் மாலிக்கீ மத்ஹபைச் சார்ந்த இரு பேரறிஞர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். நம் அரபுக் கல்லூரிகளில் அகீதா பாடமாக ஓதப்படும் ‘ஜவ்ஹரத்துத் தவ்ஹீத்’ என்னும் செய்யுளை யாத்த இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்), புகையை விலக்குமாறு சகோதரர்களுக்கு அறிவுரை கூறித் தனிநூல் இயற்றினார்கள். அவர்களின் காலத்தவரான அலீ அல்உஜ்ஹூரீ (ரஹ்), அறிவை மழுங்கடிக்காத அளவில் புகை ஆகுமானதே என நிறுவி மற்றொரு நூல் எழுதினார்கள். ஒருவருக்கு அது தீங்கு விளைவித்தால் அவரளவில் தடையாகும் என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

ஷாபிஈ அறிஞர் ஷிஹாபுத்தீன் அல்கல்யூபீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 1069), ‘மின்ஹாஜ்’ விளக்கவுரைக்குத் தாம் எழுதிய ஹாஷியாவில் இதனை விலக்கப்பட்டதென்றே குறித்தார்கள். உடலின் பாதைகளைத் திறந்து நோய்கள் நுழைவதற்கு அது வழி செய்கிறது என்பது அவர்கள் காட்டிய காரணம். நுண்ணோக்கியோ ஆய்வுக்கூடமோ இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அக்காரணத்தை இன்றைய மருத்துவர் எவரும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இரு நூற்றாண்டுகள் கழித்து இமாம் அல்பாஜூரீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 1276), இதனை மக்ரூஹ் என்று கொண்டதோடு, குடும்பத்தின் செலவுக்குத் தேவைப்படும் பொருளைக் கொண்டு வாங்கினால் ஹராமாகிவிடும் என்றும் எச்சரித்தார்கள்.

ஆகுமானது என்ற தரப்பில் மிகப் புகழ்பெற்ற நூல் திமிஷ்க் நகர ஹனஃபீ அறிஞரும் சூஃபி ஞானியுமான அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) (1641-1731) அவர்கள் 1682இல் எழுதியதாகும். ‘சகோதரர்களிடையே சமாதானம்’ என்று தொடங்குகிறது அதன் பெயர். தெளிவான சான்றின்றி ஒன்றை ஹராம் என்பது இறைவன் மீது இட்டுக்கட்டுவதாகும். பொருள்களின் மூலநிலை அனுமதியே. சிலர்க்குத் தீங்கு தருவது எல்லார்க்கும் விலக்காகிவிடாது. ஆட்சியாளரின் தனிவிருப்பம் மார்க்கச் சட்டம் ஆகாது. இவையே அவர்களின் வாதங்களின் சாரம். இவற்றுள் கடைசி வாதத்தின் பின்னணியில் குருதி தோய்ந்த வரலாறு ஒன்று இருந்தது.

வாள் செய்ய இயலாதது

1633இல் இஸ்தான்புல்லைப் பெருந்தீ அழித்தது. அதனையொட்டி சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடினார். புகை பிடிப்போர்க்கு மரணதண்டனை விதித்தார். தீ விபத்தைக் காட்டிலும், காப்பிக் கடைகளில் புகையோடு சேர்ந்து எழுந்த அரசியல் பேச்சே அவரை அச்சுறுத்தியது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். காழீஸாதே மஹ்மத் முதலிய கடும்போக்குப் பிரசங்கிகள் அத்தடைக்கு மார்க்கத்தின் பெயரால் துணை நின்றனர்.

‘கஷ்ஃபுள் ளுனூன்’ என்னும் மாபெரும் நூற்பட்டியலால் நமக்கெல்லாம் அறிமுகமான ஹாஜி கலீஃபா என்ற காத்திப் செலபி (1609-1657), இக்காலத்தை நேரிற் கண்டவர். 1656இல் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ என்னும் துருக்கி நூலில் புகையிலைக்கென ஓர் இயலே ஒதுக்கியுள்ளார். பாக்தாத் படையெடுப்பின்போது ஒரே பாசறையில் பதினைந்து இருபது படைத்தலைவர்கள் புகைத்த குற்றத்துக்காகச் சுல்தான் முன்னிலையில் கொல்லப்பட்டனர் என்றும், அத்தண்டனை நிறைவேறிக்கொண்டிருந்த வேளையிலேயே சில படைவீரர்கள் சட்டைக்கையில் ஒளித்து வைத்திருந்த குட்டைச் சுங்கானை எடுத்துப் புகைத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். ஒரு மீட்டருக்கு நீண்ட சுபுக் குட்டையாகி மறைந்து வாழக் கற்றுக்கொண்டதே தவிர, பழக்கம் ஒழியவில்லை.

அத்தடைக் காலத்தில் புகைத்ததற்காகப் பதவி இழந்து சைப்ரஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட காழீ ஒருவர், பின்னாளில் ஷைகுல் இஸ்லாம் பதவியை அடைந்தார். பஹாயீ மஹ்மத் எஃபெந்தி என்னும் அவரே புகையிலை ஆகுமானது என்று ஃபத்வா வெளியிட்டார். தாம் புகைப்பவர் என்பதால் அவ்வாறு தீர்ப்பளித்தார் என்று பழித்தோர் உண்டு. காத்திப் செலபி அப்பழியை ஏற்கவில்லை. மக்களின் நிலையையும் பொருள்களின் மூலநிலை அனுமதியே என்ற விதியையும் கருதியே அவர் தீர்ப்பளித்தார் என்கிறார். விட முடியாத ஒன்றை ஹராம் என்று அறிவித்தால், மக்கள் அனைவரையும் அறிந்தே பாவம் செய்வோராக ஆக்கிவிடுவோம் என்ற கவலையும் அவரது எழுத்தில் உண்டு.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. 1890இல் ஈரானின் புகையிலை வணிகம் முழுவதையும் ஆங்கிலேயர் ஒருவருக்கு ஷா மன்னர் தனியுரிமையாக வழங்கினார். 1891 டிசம்பரில், அந்நிலை நீடிக்கும்வரை புகையிலையைப் பயன்படுத்தலாகாது என்று ஷீஆ மார்க்கத் தலைவர் மிர்ஸா ஷீராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா வெளிவந்தது. நாடெங்கும் மக்கள் தண்ணீர்ச் சுங்கான்களை ஒதுக்கி வைத்தனர். ஷாவின் அந்தப்புரத்திலும் அவை மூலையில் முடங்கின. 1892 ஜனவரியில் தனியுரிமை கைவிடப்பட்டது. முராத் சுல்தானின் வாளுக்கு அஞ்சாது சட்டைக்கையில் ஒளிந்த சுங்கான், தாம் நம்பிய ஓர் அறிஞரின் சொல்லுக்குக் கீழே வைக்கப்பட்டது. அந்நம்பிக்கைக்கு உரியவராய் இருக்கும் பொறுப்பு ஃபத்வா சொல்வோர் அனைவர்க்கும் உண்டு.

ஸியாதீ அவர்கள் கண்டது

இப்போது எம் மாணவரின் வினாவுக்கு வருவோம். ஷாபிஈ மத்ஹபில், உடலின் உட்பகுதியை ‘ஐன்’, அதாவது பருப்பொருள், சென்றடைந்தால் நோன்பு முறியும். வெறும் மணமோ சுவையின் சாயலோ சென்றால் முறியாது. ஆகவே வினா இதுதான்: துகான் பருப்பொருளா, அன்றி மணத்தைப் போன்ற வெறும் தன்மையா? கண்ணுக்குத் தெரிந்து உடனே காற்றில் கரைந்துவிடும் புகையைப் பார்த்து, அது பருப்பொருள் அன்று என ஸியாதீ அவர்கள் முதலில் கருதினார்கள். புகையிலையின் இயல்பை அவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை என்று ஹாஷியாக்களே காரணம் கூறுகின்றன.

நாம் இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினோம். நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணில் கிடந்த பழைய சுங்கானை வாங்கி வந்து, மெல்லிய கம்பியில் பஞ்சைச் சுற்றி அதன் தண்டினுள் செலுத்தி இழுத்தோம். பஞ்சு கருத்துப் பிசுபிசுத்து வெளிவந்தது. நெடியும் கடுமையாய் இருந்தது. கொதிக்கும் புகை நீண்ட தண்டின் வழியே வரும்போது குளிர்ந்து, அதிலுள்ள நீரும் கீலும் சுவரில் படிகின்றன. சுங்கான் பிடிப்போர் அன்றாடம் தண்டைத் துடைப்பதும் இதனாலேயே. அப்பஞ்சை வகுப்பில் மாணவர்களிடம் காட்டினோம். தண்டில் தங்கியது இவ்வளவென்றால், தங்காமல் உள்ளே சென்றது எவ்வளவு என்று வினவினோம். எவரும் விளக்கம் கேட்கவில்லை. ஸியாதீ அவர்களும் அன்று இதையே கண்டார்கள். புகை பருப்பொருளே என்பதற்கு அச்சுவடு சாட்சி சொல்லிற்று. தம் ஃபத்வாவை மாற்றிக்கொள்ள அவர்கள் சற்றும் தயங்கவில்லை.

அவர்களுக்குப் பின் இக்கசடு இன்னும் நுணுகி ஆராயப்பட்டது. 1828இல் ஜெர்மனியின் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் புகையிலையிலிருந்து நிகோட்டின் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். 1950இல் பிரிட்டனின் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். 1964இல் வெளியான அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை, சுங்கான் பிடிப்பது உதட்டுப் புற்றுக்குக் காரணமாகிறது என்று உறுதி கூறியது. தண்ணீரின் வழியே வருவதால் ஹுக்காப் புகை தூய்மையாகிவிடுகிறது என்ற நம்பிக்கையும் தவறென்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் எச்சரித்தது. ஆண்டுதோறும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிவதாக அந்நிறுவனம் கணக்கிடுகிறது. இவ்வறிவின் அடிப்படையிலேயே மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995இலும், இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா இயக்கம் 2010இலும் புகைத்தலை ஹராம் என்று அறிவித்தன.

இதனால் நாபுலுஸீ அவர்களைக் குறை கூறுவது முறையாகுமா? ஆகாது. பொதுவான தீங்கு நிறுவப்படவில்லை என்பதன் மீதே அவர்களின் வாதம் நின்றது; அன்றைய மருத்துவம் அவ்வளவே சொல்லிற்று. ஆனால், நிறுவப்பட்ட பின்னரும் அவர்களின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்முடிவு நின்ற அடித்தளத்தை மறைப்பது அவர்களுக்கே இழைக்கும் அநீதியாகும். சான்று மாறியபோது தீர்ப்பை மாற்றிய ஸியாதீ அவர்களின் வழியே நம் ஸலஃபுகளைப் பின்பற்றும் வழி.

இதனை எழுதும்போது எமக்கு ஃபிக்ஹ் பயிற்றுவித்த பெருந்தகை ஒருவர் நினைவுக்கு வருகிறார். கணீரென்ற குரலில் இபாரத்து வாசிப்பார். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சுருட்டுப் பிடிப்பது அவர் வழக்கம். கடைக்குச் சென்று அதை வாங்கி வரும் பணி மாணவரான எம்முடையதாக இருந்தது. அதைப் பெரும் பேறாகவே கருதினோம். யாரேனும் கேட்டால், நாபுலுஸீ அவர்களின் பெயரைச் சொல்லிப் புன்னகைப்பார். பின்னாளில் அவரது தொண்டையில் புற்று கண்டது. இறுதி ஆறு மாதங்கள் குரலின்றி, சிலேட்டுப் பலகையில் எழுதியே பாடம் நடத்தினார். காணச் சென்றபோது சுருட்டைப் பற்றி அவரும் எழுதவில்லை, நாமும் பேசவில்லை. ஸியாதீ அவர்களைப் பற்றிய அவ்விரு வரிகளை எமக்கு முதன்முதலில் ஓதிக் கொடுத்தவர் அவரே. அவற்றை அன்றே நின்று வாசித்து, அம்மாணவர் எம்மிடம் கேட்டதை நாம் அவரிடம் கேட்டிருக்கலாம்.

இறைவன் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! யாவற்றையும் நன்கறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.